கேமராவில் இறுகிப்போன, தலை தேய்ந்த சிறு திருகாணிகளைக் கழற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கேமராவின் சிறு திருகாணிகளில் பெரும்பாலானவை துருவால் கெடுவதில்லை. பொருந்தாத முனையை வைத்து அவசரமாகக் கொடுக்கும் முதல் திருப்பில்தான் கெடுகின்றன. அதற்குப் பிறகு செய்வதெல்லாம் அந்த ஒரு நொடியைச் சரிக்கட்டும் வேலை. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் திருப்புவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியே இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் எட்டாம் பகுதிக்குத் தாவிவிட வேண்டாம்.

வரிசைக்கு ஒரே அடிப்படைதான். ஒரு முறை பலிக்காமல் போனாலும் அடுத்த முறைக்கு இடம் மிஞ்ச வேண்டும். பசை ஒட்டிப் பார்த்துத் தோற்றால் துளையிடலாம். துளையிட்டுத் தோற்றால் பசை ஒட்டுவதற்குத் தலையே இருக்காது. புதிதாக வருபவர்கள் இந்த வரிசையைக் குலைப்பதால்தான் ஒரு திருகாணிக்காக ஒரு கேமராவையே இழக்கிறார்கள்.

மொரிஷியஸில் இந்தத் தொல்லை அதிகம். மாஎபூர், சூயாக் பக்கம் தென்கிழக்குக் காற்று கடல் உப்பை வாரிக்கொண்டு வருகிறது. மேட்டுநிலமான கியூர்பிப்பில் ஆண்டின் பெரும்பகுதி ஈரம். தைப்பூசக் காவடியைப் படமெடுத்துத் திரும்பும் கேமராக்களின் திருகாணிப் பள்ளங்களில் பாலும் பன்னீரும் திருநீறும் சேர்ந்து இறுகியிருக்கும். காரணத்துக்கேற்ப மருந்தும் மாறும். காரணத்தைக் கண்டுபிடிப்பது மூன்றாம் பகுதியில், மருந்து ஆறாம் பகுதியில் வருகிறது.

1. மேசையில் முதலில் இருக்க வேண்டியவை

நடுவில் எழுந்து போய் எதையும் தேடக் கூடாது. திருப்புளியைத் திருகாணியில் வைத்தபடியே சாமணத்தைத் தேடும்போதுதான் முனை நழுவுகிறது.

வெள்ளைத் துணி ஒன்றை மேசையில் விரியுங்கள். கீழே விழும் திருகாணி துள்ளி ஓடாது, கண்ணுக்கும் தெரியும். துணியில் தைத்த ஒரு சிறு பையில் பச்சைப் பயறை நிரப்பி அதன்மேல் கேமராவை வையுங்கள். ஒரு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருப்புவது கூடவே கூடாது. நேராக அழுத்தம் கொடுக்க முடியாது. நழுவினால் முனை உள்ளங்கையில் இறங்கும்.

உருப்பெருக்கி கட்டாயம் வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடைக் கண்ணாடி போதும். கூடவே பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் விழும்படி ஒரு விளக்கு. நேர்மேலிருந்து விழும் வெளிச்சத்தில் பள்ளத்தின் ஆழமும் தேய்மானமும் தெரியாது.

இவற்றுடன் 99 விழுக்காடு ஐசோபிரோப்பைல் ஆல்கஹால், காய்ச்சி வடித்த நீர், பல்குத்தும் மரக்குச்சிகள், தையல் ஊசி, கூரிய சாமணம், இருபுறமும் ஒட்டும் நாடா, ஒரு தாள். தாளில் கேமராவின் பக்கங்களை வரைந்து, கழலும் திருகாணியை அதன் இடத்தில் நாடாவால் ஒட்டிவையுங்கள். ஒரே மூடியில் உள்ள திருகாணிகள்கூட ஒரே நீளமாக இருப்பதில்லை. நீளமானதைக் குட்டையானதன் துளையில் போட்டால் அது உள்ளே போய் மின்சுற்றுப் பலகையைக் குத்தும். இதைத் தாளில் ஒட்டி வைப்பதைத் தவிர வேறு எதனாலும் தடுக்க முடியாது. நினைவாற்றலை நம்ப வேண்டாம்.

2. மின்சாரத்தை ஒழித்த பிறகே திருப்புளி

மின்கலத்தையும் நினைவக அட்டையையும் எடுத்துவிடுங்கள். பிலிம் கேமரா என்றால் பிலிமைச் சுற்றி எடுத்துவிடுங்கள்.

உள்ளே பிளாஷ் உள்ள கேமராவுக்கு இது போதாது. பிளாஷுக்கான மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் சேமித்து வைத்திருக்கும். மின்கலத்தை எடுத்து நாட்கள் ஆன பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். கையில் ஏறினால் வலியோடு போகாது. கை உதறிக் கேமராவும் கீழே விழும். முடிந்தால் பிளாஷை ஒருமுறை எரியவிட்டு, உடனே கேமராவை அணைத்து மின்கலத்தை எடுங்கள். மூடி திறந்ததும் மல்டிமீட்டரால் மின்தேக்கியின் இரு முனைகளையும் அளந்து பாருங்கள். மின்னூட்டம் இருந்தால் 2 கிலோ ஓம் அளவுள்ள, 5 வாட் தாங்கும் மின்தடையை, காப்பிட்ட கம்பிகளால் இரு முனைகளுக்கும் இடையே சில நொடிகள் பிடியுங்கள். பிறகு மறுபடி அளவிடுங்கள்.

திருப்புளியால் இரு முனைகளையும் நேரடியாகத் தொட்டு வெடிக்கவைப்பதைச் சிலர் செய்துகாட்டுவார்கள். முனை உருகும், அருகிலுள்ள சில்லு எரியும். செய்யாதீர்கள்.

3. ஏன் கழலவில்லை என்று கண்டுபிடியுங்கள்

வேலை கற்க வரும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, இன்னும் கொஞ்சம் பலமாகத் திருப்பட்டுமா?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "அது ஏன் நிற்கிறது என்று சொல், பிறகு திருப்பு" என்பது. உருப்பெருக்கியில் ஒரு நிமிடம் பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்.

தலையைச் சுற்றி வெள்ளைத் தூள் இருந்தால் அது அநேகமாக உப்பு அரிப்பு. எஃகுத் திருகாணி அலுமினிய உடலிலோ மக்னீசிய உடலிலோ இருக்கும்போது இடையில் உப்புநீர் புகுந்தால், அரிக்கப்படுவது திருகாணி அல்ல, சுற்றியுள்ள உலோகம்தான். அந்த அரிப்பின் தூள் பருத்து மரையை இறுக்குகிறது. செம்பழுப்பு நிறம் என்றால் திருகாணியே துருப்பிடித்திருக்கிறது. மின்கல அறையின் அருகே பச்சையோ நீலமோ கலந்த படிவு இருந்தால் கசிந்த மின்கலத்தின் காரம்.

தலையின் விளிம்பில் சிவப்பு, பச்சை அல்லது நிறமற்ற ஒரு துளி இருந்தால் அது தொழிற்சாலையில் வைத்த அரக்கு. வெளியே ஒன்றுமே தெரியாமல் இறுக்கமாக இருந்தால் மரையில் பசை இருக்கலாம். லென்ஸ் பூட்டும் வளையத்தின் திருகாணிகளில் இது வழக்கம்.

தலையில் இணையாக மூன்று கோடுகள் வெட்டியிருந்தால் அது இடது மரை. வலப்புறம் திருப்பினால்தான் கழலும். பழைய ஜப்பானிய பிலிம் கேமராக்களில் பிலிம் இழுக்கும் நெம்பின் மேல் இப்படி இருக்கும். சில மாடல்களில் அந்தக் குறிகூட இருக்காது. ஆகவே நெம்பு, சுழலும் குமிழ் ஆகியவற்றின் நடுவில் உள்ள எதையும் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பார்க்காமல் பலமாகத் திருப்பாதீர்கள்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு மூடியில் ஐந்து திருகாணிகள் இருக்கின்றன, நான்கைக் கழற்றியாயிற்று, ஐந்தாவது நகரவில்லை என்றால், மூடியின் இழுவை முழுவதும் அந்த ஒன்றின்மேல் சாய்ந்திருக்கலாம். கழற்றிய நான்கையும் திரும்பப் போட்டு மெதுவாக இறுக்குங்கள். சுமை பகிரப்பட்டதும் ஐந்தாவது சில வேளை தானாகவே இளகிவிடும். அதனால் எந்த மூடியிலும் எல்லாத் திருகாணிகளையும் முதலில் அரைச் சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, அதன்பிறகு ஒவ்வொன்றாக எடுப்பதே சரி.

சில திருகாணிகளைத் தொடவே கூடாது. சென்சரைச் சுற்றி, சுருள்வில்லின் மேல் உட்கார்ந்திருக்கும் மூன்று திருகாணிகள் சென்சரின் சாய்வைச் சரிசெய்வதற்கானவை. அவை இறுகிப்போனவை அல்ல, வேண்டுமென்றே அரக்கு வைத்துப் பூட்டியவை. கால் சுற்று திருப்பினாலும் படத்தின் ஒரு ஓரம் மங்கும். அவற்றை அளவிடும் கருவி இல்லாமல் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

4. பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள்

முனை அடிவரை இறங்காததற்கு அழுக்கே போதிய காரணம். இரண்டு மில்லிமீட்டர் தலையில் கால் மில்லிமீட்டர் அழுக்கு இருந்தாலும் பிடிப்பு போய்விடும்.

மரக்குச்சியின் நுனியை ஆல்கஹாலில் நனைத்துப் பள்ளத்தில் சுழற்றுங்கள். பால், பன்னீர் போன்றவை காய்ந்திருந்தால் ஆல்கஹாலில் கரையாது. வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரை ஒரு துளி வைத்துக் காத்திருங்கள். கடைசியில் ஊசியால் நான்கு மூலைகளையும் கீறி எடுங்கள். உருப்பெருக்கியில் அடிப்பகுதி உலோகமாகப் பளபளக்க வேண்டும். அதுவரை திருப்புளியைக் கையில் எடுக்காதீர்கள்.

5. பொருந்தும் முனை

எனக்குத் தெரிந்து, இந்த ஒரு பகுதியைச் சரியாகச் செய்பவர்கள் எட்டாம் பகுதிக்குப் போகும் தேவை மிக அரிது.

ஜப்பானியக் கேமராவில் இருக்கும் கூட்டல் குறித் திருகாணி, கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளிக்கு ஏற்றதல்ல. அது ஜே.ஐ.எஸ் என்னும் ஜப்பானியத் தொழில் தரத்தைச் சேர்ந்த பள்ளம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிலிப்ஸ் முனை அந்தப் பள்ளத்தில் அடிவரை இறங்காமல் மேல் விளிம்பை மட்டும் பிடிக்கிறது. திருப்பும்போது சரிவில் ஏறி வெளியே வருகிறது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் விளிம்பைச் சீவிவிடுகிறது. ஜே.ஐ.எஸ் முனை ஆழமாக இறங்கிச் சுவர் முழுவதையும் பிடிக்கிறது. பெரிய திருகாணிகளில் தலையில் ஒரு புள்ளி குத்தியிருப்பார்கள், அது ஜே.ஐ.எஸ் அடையாளம். கேமராவின் சிறு தலைகளில் அந்தப் புள்ளிக்கு இடமிருப்பதில்லை.

ஊரிலுள்ள கேங்காயெரிகளில், அதாவது இரும்புச் சாமான் கடைகளில், பெரும்பாலும் பிலிப்ஸ் வகையே வைத்திருப்பார்கள். ஜப்பானின் வெசல் போன்ற நிறுவனங்களின் 0, 00, 000 அளவு முனைகளைத் தபாலில் வரவழைப்பது நல்லது. காத்திருக்கும் நாட்கள் வீணல்ல. ஜெர்மானியக் கேமராக்களில், குறிப்பாகப் பழைய லைக்காக்களில், ஒற்றைக் கோட்டுத் திருகாணிகள் இருக்கும். அவற்றுக்குக் கோட்டின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் பொருந்தும் தட்டை முனை வேண்டும்.

பொருத்தத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஏற்கெனவே கழற்றிய அதே வகைத் திருகாணி ஒன்றைத் திருப்புளியின் முனையில் வைத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். காந்தமில்லாத முனையிலும் அது விழாமல் நின்றால் பொருத்தம் சரி. ஆடினால் வேறு அளவைப் பாருங்கள். 00 ஆடுகிறது, 0 இறங்கவில்லை என்றால் பள்ளத்தில் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று பொருள்.

தேய்ந்து வட்டமான முனையைத் தூக்கி எறியுங்கள். மின்சாரத் திருப்புளியை இந்த வேலைக்குக் கொண்டுவராதீர்கள். நழுவுவதற்கு முன் கை உணரும் அந்தச் சிறு தளர்வை அது மறைத்துவிடும்.

6. காரணத்துக்கேற்ற மருந்து

உப்பு அரிப்பு என்றால் முதலில் எண்ணெய் விடக் கூடாது. உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் மேலே படர்ந்துவிட்டால் நீரும் உள்ளே போகாது. காய்ச்சி வடித்த நீரை ஊசி முனையால் ஒரு சிறு துளி வைத்து, சில நிமிடம் விட்டு, தாளின் ஓரத்தால் உறிஞ்சி எடுங்கள். இதைச் சில முறை செய்யுங்கள். பிறகு ஆல்கஹால் ஒரு துளி வைத்து நீரை விரட்டுங்கள். காய்ந்த பிறகு ஊடுருவும் எண்ணெய் ஊசி முனையளவு. அப்படியே ஓர் இரவு விடுங்கள்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலும் உப்புகள் உண்டு.

எண்ணெயை எந்த நிலையிலும் தெளிக்காதீர்கள். டபிள்யூ.டி-40 போன்றவற்றைத் தெளித்தால் அது மெல்லிய படலமாக ஊர்ந்து ஷட்டர் தகடுகளிலும் லென்ஸின் துவாரத் தகடுகளிலும் ஏறும். தகடுகள் ஒட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்வதற்கு ஆகும் வேலை இந்தத் திருகாணியைவிடப் பல மடங்கு பெரிது. ஒரு மூடியில் சிறிது ஊற்றி, ஊசியால் தொட்டு வையுங்கள்.

கசிந்த மின்கலத்தின் காரத்துக்கு வெள்ளை வினிகர் ஒரு துளி. நுரை அடங்கியதும் காய்ச்சி வடித்த நீர், பிறகு ஆல்கஹால். மக்னீசிய உடலில் வினிகரை நிற்கவிடாதீர்கள். அமிலம் அதை அரிக்கும்.

அரக்கு என்றால் அசிட்டோன் இளக்கும். பார்மசியில் விற்கும் நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் மணமும் கலந்திருக்கலாம், தூய அசிட்டோனே நல்லது. ஆனால் அசிட்டோன் கேமராவின் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், வண்ணத்தையும் உரிக்கும். உலோகப் பகுதியில் மட்டும், ஊசி முனையளவு மட்டும் வையுங்கள்.

மரைப் பசைக்குச் சூடு. சால்டரிங் அயர்னின் நுனியைச் சுத்தமாகத் துடைத்து, 300 முதல் 350 பாகை செல்சியஸில், தலையின்மேல் சில நொடிகள் மட்டும் வைத்து எடுங்கள். சூடு ஆறுமுன் திருப்புங்கள். பசை இளகியிருக்கும் நேரம் அதுதான். துருவுக்கும் அரிப்புக்கும் இது நேர்மாறு: சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி சூடேற்றி ஆறவிட வேண்டும். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. விரிந்து சுருங்கும்போது இடையில் உள்ள தூள் நொறுங்குகிறது. பிளாஸ்டிக் துளையில் இருக்கும் திருகாணிக்குச் சூடு காட்டினால் துளை உருகி மரையே போய்விடும். உடல் பிளாஸ்டிக்கா உலோகமா என்று தெரியாவிட்டால் சூடு வேண்டாம்.

7. அழுத்தம் ஏழு பங்கு, திருப்பம் மூன்று பங்கு

ஜப்பானியத் தொழிலாளர்கள் சொல்லும் கணக்கு இது. கையின் பலத்தில் ஏழு பங்கு கீழ்நோக்கி அழுத்துவதற்கு, மூன்று பங்குதான் திருப்புவதற்கு. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

திருப்புளி திருகாணிக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். உள்ளங்கையின் நடுவில் பிடியின் முனையை வைத்து, மணிக்கட்டு வளையாமல், தோளிலிருந்து அழுத்துங்கள். அழுத்தம் நிலைத்த பிறகே திருப்பத் தொடங்குங்கள்.

முதல் அசைவு இறுக்கும் பக்கமாக இருக்கட்டும், மயிரிழை அளவுதான். அரிப்பின் பிடி உடைவதற்கு எந்தப் பக்கம் அசைந்தாலும் போதும். இறுக்கும் பக்கத்துச் சுவர்கள் பெரும்பாலும் தேயாமல் இருக்கும். அதன்பிறகு கழற்றும் பக்கம். சட்டென்று வெட்டித் திருப்பாமல், அழுத்தத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போங்கள். கழலும்போது ஒரு சிறு "டிக்" ஒலி கேட்கும், அல்லது விரலில் உணர்வீர்கள்.

அசையவில்லை என்றால், முனையை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு பிடியின் முனையில் சிறு சுத்தியலால் மெல்ல இரண்டு மூன்று தட்டு தட்டலாம். அதிர்வு தூளை உடைக்கும். ஆனால் மூடி தனியாகக் கழன்று மேசையில் இருந்தால் மட்டும். சென்சரோ லென்ஸோ கண்ணாடி ஆடியோ உள்ள முழுக் கேமராவில் தட்டக் கூடாது.

முனை ஒரே ஒருமுறை நழுவினாலும் நிறுத்துங்கள். இரண்டாவது முறை அதே முனையால், அதே விதமாக முயலாதீர்கள். ஆறாம் பகுதிக்குத் திரும்பி இன்னோர் இரவு ஊறவிடுங்கள்.

8. பள்ளம் தேய்ந்துவிட்டால்

இங்கிருந்து ஒவ்வொரு படியும் திருகாணியைக் கொஞ்சம் அழிக்கும். அதனால் வரிசை மிக முக்கியம்.

முதலில் மணற்பசை. வண்டிகளின் வால்வைத் தேய்த்துப் பொருத்தப் பயன்படும் பசை, உதிரிபாகக் கடையில் கிடைக்கும். மரக்குச்சி நுனியில் தொட்டுப் பள்ளத்தில் வையுங்கள். அதன் கடினத் துகள்கள் முனைக்கும் சுவருக்கும் இடையில் கடித்துக்கொள்வதால் வழுக்கல் குறையும். ஏழாம் பகுதியில் சொன்ன அதே அழுத்தத்தோடு ஒருமுறை முயலுங்கள். முடிந்ததும் ஆல்கஹாலால் ஒரு துகள் விடாமல் துடையுங்கள். ஒரு துகள் லென்ஸ் வளையத்துக்குள் போனால் சுழற்றும்போதெல்லாம் கரகரக்கும்.

ரப்பர் பட்டையை இடையில் வைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. பெரிய மரத் திருகாணிக்கு அது சரி. 1.7 மில்லிமீட்டர் திருகாணியின் பள்ளத்தை ரப்பரே நிரப்பிவிடும்; முனை மேலேயே நின்றுவிடும். இந்த அளவுக்கு அது உதவாது.

அடுத்தது, நுனி வெட்டிய முனை. பழைய திருப்புளி ஒன்றின் நுனியை எண்ணெய்க்கல்லில் செங்குத்தாக வைத்து மிகச் சிறிதளவு தேய்த்துத் தட்டையாக்குங்கள். தேய்ந்த பள்ளத்தில் கூர்நுனி அடியைத் தொட்டு நின்றுவிடுவதால்தான் சிறகுகள் சுவரை எட்டுவதில்லை. நுனி குறைந்ததும் சிறகுகள் இன்னும் கீழே இறங்கி, தேயாமல் மிஞ்சியிருக்கும் சுவரைப் பிடிக்கின்றன. கொஞ்சம் தேய்த்து, பொருத்திப் பார்த்து, மறுபடி கொஞ்சம் தேயுங்கள். மணற்பசையும் இந்த முனையும் சேர்ந்தால் தேய்ந்த தலைகளில் பெரும்பகுதி கழன்றுவிடுகின்றன.

9. தலையை வெளிப்பக்கமாகப் பிடித்தல்

தலை மேற்பரப்பிலிருந்து துருத்திக்கொண்டிருந்தால், அதன் ஓரத்தைப் பிடித்துத் திருப்பலாம். சாதாரணக் குறட்டின் தாடைகளில் பற்கள் குறுக்காக ஓடும், வட்டத் தலையில் வழுக்கும். இதற்கென்று, தாடையின் நுனியில் நெடுக்குப் பற்கள் வெட்டிய குறடுகளை ஜப்பானின் எஞ்சினியர் நிறுவனம் செய்கிறது. இல்லாவிட்டால் கூர்மையான வெட்டுக்குறட்டால் தலையின் இருபுறமும் கவ்வலாம். வெட்டிவிடாத அளவுக்கு மட்டும் அழுத்தி, மெல்லத் திருப்புங்கள்.

சுற்றியுள்ள வண்ணம் கீறாமலிருக்க, நடுவில் துளையிட்ட தடித்த நாடாவைத் தலையைச் சுற்றி ஒட்டிக்கொள்ளுங்கள்.

தலை உடலுக்குள் புதைந்திருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு இல்லை.

10. பசையால் ஒட்டித் திருப்புதல்

எபாக்சி, அதாவது இரண்டு குழாய்களில் வரும் பசை. தலையை அசிட்டோன் அல்லது ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, தேய்ந்துபோன பழைய திருப்புளியின் முனையைப் பள்ளத்தில் எபாக்சியோடு நிறுத்தி, ஆடாமல் கட்டிவைத்து 24 மணி நேரம் விடுங்கள். "ஐந்து நிமிடப் பசை" என்று எழுதியிருந்தாலும் முழுப் பலம் ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

மிகக் குறைந்த பசைதான் வேண்டும். தலையின் விளிம்பைத் தாண்டி வழிந்தால் திருகாணியை மூடியோடு ஒட்டிவிடுவீர்கள்.

உடனே ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையைக் கேமராவின் அருகில் கொண்டுவரவே வேண்டாம். நீர்போல மெலிந்திருப்பதால் விரிசல் வழியே மரைக்குள் ஓடும். காயும்போது அதன் ஆவி லென்ஸின்மேல் வெள்ளைப் படலமாகப் படியும்.

11. கோடு வெட்டுதல்

தலையில் ஒரு புதிய கோட்டை வெட்டித் தட்டை முனையால் திருப்புவது. நகைத் தொழிலாளர்களின் மெல்லிய அரமோ வாளோ இதற்குப் போதும். சுழலும் மின்கருவியின் தட்டு வேகமாக வெட்டும், ஆனால் பொறியும் தூளும் பறக்கும்.

அந்த இரும்புத்தூள்தான் இந்த முறையின் பெரிய ஆபத்து. மின்சுற்றில் விழுந்தால் குறுக்கிணைப்பு, சென்சரில் விழுந்தால் கீறல். வெட்டும் இடத்தைத் தவிர மற்ற எல்லாத் துளைகளையும் இடைவெளிகளையும் நாடாவால் மூடுங்கள். திருகாணி கீழ்நோக்கி இருக்கும்படி கேமராவைச் சாய்த்து வெட்டினால் தூள் தானாக வெளியே விழும். நாடாவை எடுக்குமுன் ஒட்டும் களிமண்ணால் தூளை ஒற்றி எடுங்கள். ஊதாதீர்கள், அது உள்ளேதான் போகும்.

கோடு தலையின் பாதி ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் திருப்பும்போது தலை இரண்டாகப் பிளக்கும்.

12. துளையிடுதல், கடைசியில் படிகாரம்

மேலே சொன்ன எதுவும் பலிக்காதபோது தலையைத் துளைத்து எடுத்துவிடலாம். கையால் சுழற்றும் சிறு துளைப்பானே போதும். மின்துரப்பணத்தின் வேகத்தில் முனை நழுவி உடலைக் கிழிக்கும். இடப்புறம் சுழலும் துளைமுனை கிடைத்தால் அதையே வாங்குங்கள். துளைக்கும் திசையே கழற்றும் திசையாக இருப்பதால், பாதி துளைக்கும்போதே திருகாணி சுழன்று வெளியே வந்துவிடுவது உண்டு.

துளைமுனை ஏறத்தாழ திருகாணித் தண்டின் விட்டத்திலேயே இருக்கட்டும். நடுவில் ஒரு குழி குத்திக்கொண்டு தொடங்குங்கள். தலை தனியாக வந்ததும் மூடி தூக்க வரும். இழுவிசை போய்விட்டதால் மிஞ்சிய தண்டு பெரும்பாலும் இளகியிருக்கும், குறட்டால் பிடித்துத் திருப்பினாலே போதும். இது நல்ல சேதி. துளையிடும்போது பலர் தண்டையும் முழுக்கத் துளைத்துவிட முயன்று மரையைக் கெடுக்கிறார்கள். தலை போனதும் நிறுத்துங்கள்.

தண்டு மேற்பரப்போடு ஒடிந்து, அந்தப் பாகம் பித்தளையாக இருந்தால், கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் செய்யும் முறை ஒன்று இருக்கிறது. படிகாரத்தை வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, அந்தப் பாகத்தை மூழ்கவைத்துச் சூடாக வைத்திருந்தால், எஃகு மெல்ல மெல்லக் கரைந்துபோகும், பித்தளை அப்படியே இருக்கும். பூசைச் சாமான் கடையில் கிடைக்கும் அதே படிகாரம்தான். பாகத்தில் வேறு எஃகு எதுவும், வில்லோ ஆணியோ, இருக்கக் கூடாது, அதுவும் கரையும். மக்னீசிய உடலை இதில் போடவே கூடாது. நேரம் பிடிக்கும், கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய பிலிம் கேமராவின் பித்தளைப் பாகங்களுக்கு இதைவிடச் சுத்தமான வழியை நான் காணவில்லை.

13. திரும்பப் பூட்டுதல்

கெட்ட திருகாணியைத் திரும்பப் போடாதீர்கள். பழுதடைந்த அதே மாடல் கேமரா ஒன்றை உதிரிக்காக வாங்கி வைப்பது தனித்தனியாகத் திருகாணி தேடுவதைவிட எளிது. புதியதன் விட்டம், நீளம், தலையின் வடிவம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும்.

துளையின் மரையை ஆல்கஹால் தொட்ட குச்சியால் துடைத்து உலரவிடுங்கள். திருகாணியைத் துளையில் வைத்து முதலில் இடப்புறமாக மெல்லச் சுழற்றுங்கள். மரையின் தொடக்கம் சந்திக்கும் இடத்தில் அது சற்றே கீழே விழுவதை உணர்வீர்கள். அங்கிருந்து வலப்புறம் திருப்பினால் பழைய மரையிலேயே போகும். பிளாஸ்டிக் துளைகளில் இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதுமரை வெட்டப்பட்டுத் துளை தளர்ந்துபோகும்.

எல்லாவற்றையும் பாதி இறுக்கிய பிறகு, எதிரெதிர் மூலைகளாக முழுதும் இறுக்குங்கள். லென்ஸ் பூட்டும் வளையத்தில் இது மிக முக்கியம். அந்த வளையத்திலிருந்து சென்சர் வரையுள்ள தூரம் நிக்கான் எஃப் கேமராக்களில் 46.5 மில்லிமீட்டர், கேனான் ஈ.எஃப் கேமராக்களில் 44 மில்லிமீட்டர். வளையத்தின் அடியில் மெல்லிய தகடுகள் இருந்தால் அவை அந்தத் தூரத்தைச் சரிசெய்ய வைத்தவை. எந்தத் தகடு எந்தத் திருகாணியின் கீழ் இருந்ததோ அங்கேயே போக வேண்டும். ஒரு பக்கம் முதலில் இறுகினால் வளையம் சாயும்.

அடுத்த முறை எளிதாகக் கழல வேண்டுமென்றால் மரையில் பசை வைக்காதீர்கள். தலையின் ஓரத்தில் ஊசி முனையளவு நகப்பூச்சு வைத்தால் தளராமல் நிற்கும். அசிட்டோன் பட்டால் இளகும். கடற்கரையில் எடுத்த படங்களுக்குப் பிறகு நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத் திருகாணிகளைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள்.

மின்கலத்தைப் போடுவதற்கு முன் தாளைப் பாருங்கள். அதில் ஒட்டிய திருகாணி ஒன்றுகூட மிஞ்சியிருக்கக் கூடாது. மிஞ்சியிருந்தால் மூடியைத் திறந்து அதன் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு கேமராவைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள், உள்ளே எதுவும் உருளும் ஓசை வரக் கூடாது. மின்கலத்தைப் போட்டு, தொலைவிலுள்ள ஒரு மலை முகட்டை முழுத் துவாரத்தில் படமெடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா மூலைகளும் ஒரே கூர்மையில் இருந்தால் வளையம் சாயாமல் உட்கார்ந்திருக்கிறது.